மாமரத்தடி ஸ்கூட்டர் ஏன் நனைவதில்லை?

கேள்வி இதுதான். குமரி மாவட்டத்தில் பூதப்பாண்டி பக்கம் வீடு. மார்கழி, தை மாதங்களில் திறந்த முற்றத்தில் நிறுத்திய பைக்கின் இருக்கை விடியற்காலையில் சொட்டச் சொட்ட நனைந்திருக்கிறது. பத்தடி தள்ளி மாமரத்தடியில் நிற்கும் அப்பாவின் ஸ்கூட்டரோ காய்ந்தபடியே இருக்கிறது. முற்றத்துப் புல்லில் கால் வைத்தால் கணுக்கால் வரை ஈரம். அதை ஒட்டிய சிமென்ட் தளத்தில் ஒரு பொட்டு ஈரம்கூட இல்லை. பாட்டி, "பனி பெய்கிறது, தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு போ" என்கிறார். பள்ளி ஆசிரியர், நிலத்திலிருந்து எழும் ஆவிதான் பனியாகிறது என்றார். மேலிருந்து வருகிறதா, கீழிருந்து வருகிறதா?

கேட்டவர் கூர்ந்து பார்த்திருக்கிறார். விடையில் பாதி அவர் பார்த்ததிலேயே இருக்கிறது. நனைந்தவை எல்லாம் வானத்துக்கு முகம் காட்டிக்கொண்டிருப்பவை. நனையாதவற்றில் ஒன்றுக்கு மேலே மறைப்பு இருக்கிறது, மற்றதற்கு அடியில் சூடு இருக்கிறது. பனித்துளி வானத்திலிருந்து விழுவதில்லை. பொருளைத் தொட்டுக்கொண்டிருக்கும் காற்றில் கண்ணுக்குத் தெரியாத ஆவியாக இருந்த நீர், அந்தப் பொருள் குளிர்ந்த இடத்திலேயே துளியாகிவிடுகிறது. அந்த ஆவி எங்கிருந்து காற்றில் சேர்ந்தது என்பது வேறு கேள்வி. கடலிலிருந்து வந்திருக்கலாம், பழையாற்றிலிருந்தோ குளத்திலிருந்தோ வந்திருக்கலாம், ஈர மண்ணிலிருந்தும் வந்திருக்கலாம். எங்கே பனி பிடிக்கும், எங்கே பிடிக்காது என்பதைத் தீர்மானிப்பது ஆவி வந்த வழி அல்ல. எந்தப் பொருள் எவ்வளவு வெப்பத்தை வானத்திடம் இழக்கிறது என்பதுதான்.

அந்த இழப்பைக் கொஞ்சம் கணக்குப் போட்டுப் பார்ப்போம். எல்லாப் பொருள்களும் இரவு பகல் பாராமல் வெப்பத்தை அகச்சிவப்புக் கதிராக வெளியே விட்டுக்கொண்டே இருக்கின்றன. 25 டிகிரி செல்சியஸில் இருக்கும் ஒரு புல்வெளி சதுர மீட்டருக்கு ஏறத்தாழ 450 வாட் அளவுக்கு இப்படி இழக்கிறது. பகலில் வெயில் அதை ஈடுகட்டி மிச்சமும் தருகிறது. பொழுது சாய்ந்ததும் அந்த வரவு நின்றுவிடும், செலவு நிற்காது. வானமும் வெறுங்கையாக இருப்பதில்லை. காற்றிலுள்ள நீராவியும் கரியமில வாயுவும் தம் பங்குக்குக் கீழ்நோக்கிக் கதிர் விடுகின்றன. குமரி மாவட்டத்தைப் போல ஈரம் மிகுந்த இடத்தில், மேகமில்லாத இரவில், வானம் திருப்பித் தருவது சுமார் 390 வாட். பற்றாக்குறை 60 வாட். அதாவது ஒவ்வொரு சதுர மீட்டரிலிருந்தும், பழைய குண்டு பல்பு ஒன்று எரிகிற அளவுக்கு ஆற்றல் இரவு முழுவதும் வெளியேறிக்கொண்டே இருக்கிறது.

காற்று இப்படி வேகமாகக் குளிர்வதில்லை. கதிர்வீச்சில் காற்று சோம்பேறி. புல், இலை, ரெக்சின், பெயின்ட் பூசிய தகடு போன்றவை சுறுசுறுப்பு. அதனால் பொழுது சாய்ந்த கொஞ்ச நேரத்திலேயே இவை சுற்றியுள்ள காற்றைவிடக் குளிர்ந்துவிடுகின்றன. பலர் இந்த இடத்தில்தான் குழம்புகிறார்கள். காற்று குளிர்ந்து அதனால் பொருள் குளிர்கிறது என்று நினைக்கிறார்கள். தெளிந்த இரவில் நடப்பது நேர்மாறு: பொருள் முதலில் குளிர்கிறது, அதைத் தொட்ட காற்று பிறகு குளிர்கிறது. வானிலை ஆய்வு நிலையங்களில் வெப்பமானியை நிழற்பெட்டிக்குள், தரையிலிருந்து சுமார் 1.2 மீட்டர் உயரத்தில் வைப்பார்கள். புல் நுனி மட்டத்தில், வெட்டவெளியில் இன்னொரு வெப்பமானியை வைத்தால், காற்றடங்கிய தெளிந்த இரவில் அது சில டிகிரி குறைத்தே காட்டும். செய்தியில் நாகர்கோவிலின் குறைந்தபட்ச வெப்பநிலை 22 டிகிரி என்று வந்தால், அன்றைக்கு ஒழுகினசேரி வயலில் நெல் இலை 19 அல்லது 20 டிகிரி வரை இறங்கியிருக்கலாம்.

இனி ஆவியின் கணக்கு. 30 டிகிரி வெப்பத்தில் ஒரு கன மீட்டர் காற்றில் 30 கிராம் வரை நீராவி தங்கும். 20 டிகிரியில் 17 கிராம்தான் தங்கும். மாலை ஏழு மணிக்குக் காற்று 27 டிகிரி, ஒப்பு ஈரப்பதம் 80 சதவீதம் என்று வைத்துக்கொள்ளுங்கள். தை மாதத்தில் இங்கே இது சாதாரணம். அப்போது ஒரு கன மீட்டரில் 20 கிராம் அளவுக்கு ஆவி இருக்கும். இந்தக் காற்றை 23 டிகிரி வரை குளிரவைத்தாலே அது நிறைந்துவிடும். அதற்குக் கீழே போனால் மிஞ்சிய ஆவி நீராகியே தீர வேண்டும். இந்த எல்லைக்குப் பனிநிலை என்று பெயர். முற்றத்தில் காற்று இன்னும் 25 டிகிரியில் இருக்கலாம். பைக் இருக்கை 22 டிகிரிக்கு வந்துவிட்டால் போதும், அதன்மேல் பனி பிடிக்கத் தொடங்கிவிடும்.

பனி விடியற்காலையில் வருவது என்ற எண்ணம் நம்மிடம் ஊறிப்போயிருக்கிறது. இரவு எட்டு மணிக்கே இருக்கையை விரலால் தடவிப் பாருங்கள். பல நாள்களில் விரலில் ஈரக்கோடு விழும். அப்போது தொடங்கியது இரவெல்லாம் சேர்ந்து, சூரியன் எழும் வேளையில் உச்சத்துக்கு வருகிறது. நாம் எழுந்து பார்க்கும் நேரம் அது என்பதால் அப்போது பெய்ததாகத் தோன்றுகிறது.

அளவு எவ்வளவு? ஆவி நீராகும்போது ஒவ்வொரு கிராமுக்கும் 2,450 ஜூல் அளவு வெப்பம் வெளிப்படுகிறது. இலை இழந்த வெப்பத்தில் ஒரு பகுதியை இப்படிப் பனியே திருப்பிக் கொடுத்து, மேலும் குளிர விடாமல் தடுக்கிறது. முன்சொன்ன 60 வாட் பற்றாக்குறை பத்து மணி நேரமும் பனியாக்கவே செலவானால்கூட ஒரு மில்லிமீட்டர் தேறாது. சுற்றியுள்ள காற்றும் இலைக்கு வெப்பம் கொடுத்துக்கொண்டிருப்பதால் நல்ல பனி இரவிலும் 0.1 முதல் 0.3 மில்லிமீட்டர் வரைதான் கிடைக்கும். 0.2 மில்லிமீட்டர் என்றால் ஒரு சென்ட் நிலத்தில் 8 லிட்டர், ஓர் ஏக்கரில் 800 லிட்டர். கேட்பதற்குப் பெரிதாகத் தெரியும். ஆனால் ஆண்டுக்கு 1,400 மில்லிமீட்டருக்கு மேல் மழை பெறும் மாவட்டத்தில் இதைத் தண்ணீராகச் சேமிக்க நினைப்பதில் பயனில்லை. கட்ச் போன்ற வறண்ட கடலோரத்தில் அதற்கெனத் தகடுகள் விரித்துப் பனிநீர் சேகரித்திருக்கிறார்கள். அங்கே அதற்குத் தேவை இருந்தது.

இப்போது முற்றத்துக்கு வருவோம். புல்லிதழ் அரை மில்லிமீட்டர் தடிப்புகூட இல்லாதது. சேமித்து வைத்த வெப்பம் என்று அதனிடம் எதுவும் இல்லை. மண்ணுக்கும் அதற்கும் இடையில் நிற்கும் காற்று வெப்பத்தை எளிதில் கடத்தாது. ஆகவே வானத்திடம் இழந்ததை ஈடுகட்ட வழியின்றிப் புல் சட்டெனக் குளிர்ந்துவிடுகிறது. சிமென்ட் தளம் அப்படியல்ல. பகல் முழுவதும் வெயிலைக் குடித்து வைத்திருக்கிறது. மேற்பரப்பு இழப்பதை அடியிலிருந்து தொடர்ந்து ஏறிவரும் வெப்பம் நிரப்பிவிடுகிறது. விடியும் வரையிலும் அது பனிநிலைக்குக் கீழே இறங்குவதில்லை. தார்ச் சாலையும் பாறையும் இதே கணக்கு. வெறும் மண் இரண்டுக்கும் நடுவில்; காய்ந்து பொடியான மேல்மண் சீக்கிரம் குளிரும், இறுகிய ஈர மண் மெதுவாகக் குளிரும். பைக் இருக்கை புல்லின் கட்சி. ரெக்சினுக்குக் கீழே பஞ்சு, அதற்குள் காற்று. அதே வண்டியில் என்ஜின் பக்கம் அவ்வளவு நனைந்திராது; கனத்த உலோகம் சூட்டைத் தேக்கி வைத்திருக்கும். பளபளவென்று துலக்கிய எவர்சில்வர் தட்டையும் ஒரு கண்ணாடித் துண்டையும் இரவில் மொட்டை மாடியில் வைத்துப் பாருங்கள். கண்ணாடி நன்றாக நனையும், தட்டு குறைவாகவே நனையும். மெருகேறிய உலோகம் கதிர் விடுவதில் கஞ்சன் என்பதே காரணம்.

மாமரம் செய்வது ஸ்கூட்டருக்கும் வானத்துக்கும் குறுக்கே நிற்பது. இலைக்கூட்டம் ஏறக்குறையக் காற்றின் வெப்பநிலையிலேயே இருப்பதால், கீழே நிற்கும் ஸ்கூட்டருக்கு வானம் தருகிற 390 வாட்டுக்குப் பதிலாக 440 வாட் போல் கிடைக்கிறது. பற்றாக்குறை பெயரளவுக்குத்தான், ஸ்கூட்டர் குளிர்வதில்லை. மரத்தின் உச்சி இலைகள் அந்தச் செலவைத் தாங்கிக்கொள்கின்றன, அவை நனைந்திருக்கும். மேகம் செய்வதும் இதையேதான். மேகம் மூடிய இரவில் ஊர் முழுவதும் மாமரத்தடியில் இருப்பதற்குச் சமம். காரின் கூரையும் முன்கண்ணாடியும் நனைந்து, சுவரைப் பார்த்திருக்கும் பக்கக் கண்ணாடி காய்ந்திருப்பதையும் இனி நீங்களே விளக்கிவிடலாம்.

இந்தச் சிக்கலை முதலில் தெளிவாக அவிழ்த்தவர் வில்லியம் சார்லஸ் வெல்ஸ் என்ற லண்டன் மருத்துவர். 1814இல் பனியைப் பற்றிய அவருடைய கட்டுரை நூலாக வந்தது. அதற்கு ராயல் சொசைட்டி ரம்ஃபோர்டு பதக்கம் வழங்கியது. அவருடைய கருவி சம எடையுள்ள கம்பளிக் கொத்துகள்தான். கால் நட்டு நிறுத்திய ஒரு பலகையின் மேல் ஒரு கொத்து, அதே பலகையின் அடியில் ஒரு கொத்து. காலையில் எடை போட்டால் மேலே இருந்தது மிக அதிகமாகவும் அடியில் இருந்தது கொஞ்சமாகவும் நீர் ஏற்றிருந்தன. "அப்படியானால் மேலிருந்துதானே விழுந்திருக்கிறது" என்று தோன்றலாம். வெல்ஸ் அங்கே நிற்கவில்லை. வெப்பமானியையும் வைத்துப் பார்த்தார். பனி பிடித்த பொருள்கள் பனி பிடிக்கும் முன்பே காற்றைவிடக் குளிர்ந்திருந்தன. பனியால் குளிர்ச்சி என்று அதுவரை நம்பியிருந்தார்கள். குளிர்ச்சியால் பனி என்று அவர் காட்டினார். அதன்பின் 1880களில் ஸ்காட்லாந்தைச் சேர்ந்த ஜான் எய்ட்கன், புல்லடியில் சேரும் ஈரத்தில் மண்ணிலிருந்து எழும் ஆவிக்கு நல்ல பங்கு உண்டு என்பதையும், புல் நுனியில் நிற்கும் பெரிய துளி பனியே அல்ல என்பதையும் நிறுவினார். உங்கள் ஆசிரியர் சொன்னது முழுத் தவறும் இல்லை.

எய்ட்கன் சொன்ன அந்த நுனித்துளியைப் பக்கத்தில் போய்ப் பார்க்க வேண்டும். வெயில் ஏறுவதற்குள் வயல் வரப்பில் குந்தி ஒரு நெல் இலையைப் பாருங்கள். இலையின் பரப்பில் ஊசிமுனை அளவுத் துளிகள் கணக்கில்லாமல், சுணைமயிர்களில் தொற்றிக்கொண்டு, சாம்பல் பூத்த மாதிரி தெரியும். அது பனி. நுனியில் மட்டும் ஒரே ஒரு பெரிய துளி, கண்ணாடிபோலத் தெளிவாக உருண்டு நிற்கும். விரலால் துடைத்துவிட்டுக் காத்திருந்தால் அதே இடத்தில் மறுபடி ஊறி வரும். அது செடியின் உள்ளிருந்து வருவது. இரவில் இலைத்துளைகள் மூடியிருக்க, வேர் நீரை உறிஞ்சிக்கொண்டே இருப்பதால் ஏற்படும் அழுத்தம், இலை நுனியிலும் ஓரங்களிலும் உள்ள நுண்ணிய வாய்கள் வழியாக நீரைத் தள்ளுகிறது. தாவரவியலில் இதற்கு நீர் வடிதல் என்று பெயர். கிணற்றடிச் சேம்பில் இது இன்னும் எடுப்பாகத் தெரியும். இலை நுனி சொட்டுச் சொட்டாக வடித்துக்கொண்டிருக்கும். இலைப்பரப்பிலோ பனிநீர் ஒட்டாமல் முத்துகளாக உருளும்.

மூன்று நீரையும் ஒரே இரவில் பிரித்துப் பார்க்க ஒரு பழைய பிளாஸ்டிக் வாளி போதும். மழை பெய்து சில நாள் ஆன, மண் ஈரமாக உள்ள புல்தரையில் மாலையில் வாளியைக் கவிழ்த்து வையுங்கள். காலையில் வாளியின் மேல்புறத்தில் நிற்பது வெளிக்காற்றின் ஆவி, அதாவது முறையான பனி. வாளிக்குள்ளே, கவிழ்ந்த அடிப்பகுதியின் உட்புறத்தில் ஒட்டியிருப்பது மண்ணிலிருந்து எழுந்த ஆவி. வாளிக்குள் இருந்த புல்லில், வானம் தெரியாவிட்டாலும் நுனித்துளிகள் மட்டும் நின்றிருக்கும். அது செடி தந்தது. பள்ளிப் பிள்ளைகள் உள்ள வீட்டில் இதைக் கட்டாயம் செய்து பாருங்கள்.

காற்று இந்தக் கணக்கை மாற்றிவிடக்கூடியது. இம்மியும் அசையாமல் இருந்தால் இலையை ஒட்டிய மெல்லிய அடுக்கில் இருக்கும் ஆவி தீர்ந்துபோகும், புது ஆவி வந்து சேராது. இலை லேசாக அசைகிற அளவு காற்றே பனிக்கு ஏற்றது. அதற்கு மேல் வீசினால் மேலே உள்ள வெதுவெதுப்பான காற்றைக் கீழே கொண்டுவந்து இலையைக் குளிர விடாது. நம் மாவட்டத்தில் இதற்கு நல்ல எடுத்துக்காட்டு கண்முன்னே இருக்கிறது. ஆரல்வாய்மொழிக் கணவாய்க்கு நேரே, முப்பந்தல் காற்றாலைகள் சுற்றிக்கொண்டே இருக்கும் இரவில் பனிக்கு இடமில்லை. அதே இரவில் மலை மறைவில் இருக்கும் பூதப்பாண்டி, தெரிசனங்கோப்பு, அழகியபாண்டியபுரம் பக்கம் காற்றடங்கியிருக்கும். மலைச்சரிவில் குளிர்ந்து கனமான காற்று மெல்ல இறங்கிப் பழையாற்றை ஒட்டிய வயல்களில் தேங்கும். வடகிழக்குப் பருவமழை ஓய்ந்து, மண்ணில் ஈரம் மிஞ்சி, வானம் வெளுத்த மார்கழிக் கடைசியும் தையும் இதற்கு எல்லா வகையிலும் பொருந்தி வருகின்றன. மாறாமலை, காளிகேசம் பக்கம் உயரத்தில் மரங்களிலிருந்து சொட்டுவதில் பெரும்பங்கு மேகம் மரத்தில் மோதி வடிவது. அதை இதோடு சேர்க்க வேண்டாம்.

கடற்கரையில் வேறொரு ஈரமும் உண்டு. முட்டம், குளச்சல், மணக்குடி பக்கம் ஜன்னல் கம்பியும் வண்டியின் ஹேண்டில்பாரும் கூரைக்குக் கீழே இருந்தாலும் மாலையிலேயே பிசுபிசுவென்று நனைந்துவிடும். அலைத் தூவானத்தில் வந்து படிந்த உப்பின் வேலை அது. ஒப்பு ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டினாலே சமையல் உப்பு காற்றிலிருந்து நீரை இழுத்துக் கரையத் தொடங்கிவிடும்; பனிநிலைக்காகக் காத்திருப்பதில்லை. இரும்பு அங்கே அவ்வளவு வேகமாகத் துருப்பிடிப்பதற்கு இதுவே முக்கியக் காரணம். நல்ல தண்ணீரால் கழுவி உப்பை நீக்கினால் இந்த ஈரம் வெகுவாகக் குறையும்.

பாட்டி சொன்னதில் பனி பெய்கிறது என்பதை விட்டுவிடுங்கள். துண்டைப் போட்டுக்கொள்ளச் சொன்னதை விடாதீர்கள். திறந்த வெளியில் நம் தலையும் வானத்திடம் வெப்பம் இழக்கும் ஒரு பொருள்தான். துண்டு அந்த இழப்பைத் தான் ஏற்றுக்கொள்கிறது. நிலவுதான் பனி பொழிகிறது என்ற நம்பிக்கையும் இப்படித் தோன்றியதே. நிலவு நன்றாகத் தெரிய வேண்டுமானால் வானம் தெளிந்திருக்க வேண்டும். பனிக்கும் அதுவேதான் வேண்டும். அமாவாசை இரவு தெளிந்திருந்தால் அன்றும் அதே அளவு பனி பிடிக்கும்.

நாஞ்சில் நாட்டில் கும்பப்பூ நெல் வளர்ந்து கதிர் பிடிப்பது சரியாக இந்த மாதங்களில்தான். ஆகவே வயல் உள்ளவர்களுக்கு இது முற்றத்து வேடிக்கையோடு முடிவதில்லை. நெல்லைத் தாக்கும் குலைநோய்க் காளானின் (பூஞ்சையின்) வித்துகள் இரவில் பரவி, இலையின் மேல் நீர்ப்படலம் இருந்தால்தான் முளைக்கும். உள்ளே துளைத்துப் போக ஏறக்குறைய 8 முதல் 10 மணி நேரம் ஈரம் நீடிக்க வேண்டும். இங்கே எத்தனை மில்லிமீட்டர் பனி என்பது பொருட்டல்ல. எத்தனை மணிக்கு நனைந்தது, எத்தனை மணிக்குக் காய்ந்தது என்பதே பொருட்டு. இரவு எட்டு மணிக்கு நனைந்து காலை எட்டரைக்குக் காயும் வயலில் காளானுக்குத் தேவையானதைவிட அதிக நேரம் கிடைத்துவிடுகிறது. கிழக்கு வரப்பில் தென்னை வரிசை இருந்தால் காலை வெயில் தாமதமாகும், ஈரம் இன்னும் நீடிக்கும். நோய் முதலில் எந்த மூலையில் தலைகாட்டும் என்று தேட வேண்டுமானால் அங்கே தேடுங்கள். அந்த மூலைக்கு யூரியாவைக் கூட்டிப் போடுவது நோய்க்கே உரமிடுவதாகும்.

பாக்டீரியா இலைக்கருகலுக்கு வாசல் வேறு. இலை நுனியில் நீர் வடிகிறதே, அந்த நுண்ணிய வாய்கள் வழியாகத்தான் பாக்டீரியா உள்ளே நுழைகிறது. அதனால்தான் கருகல் நுனியிலும் ஓரத்திலும் தொடங்கி உள்ளே இறங்குகிறது. நோய்ப்பட்ட செடியின் நுனித்துளியில் பாக்டீரியாவும் இருக்கும். துளிகள் நிற்கும் காலை வேளையில் வயலுக்குள் இறங்கி நடந்தால், வேட்டியும் காலும் அதை அடுத்த செடிக்குக் கொண்டுபோகும். களை பறிக்கவோ உரம் வீசவோ காய்ந்த பிறகு இறங்குவது நல்லது. நடவின்போது நாற்றின் நுனியைக் கிள்ளக் கூடாது என்று வேளாண் துறையினர் சொல்வதும் இந்த வாசலை இன்னும் அகலமாகத் திறந்துவிடக் கூடாது என்பதற்காகவே. தெளிப்பு மருந்தையும் இலை காய்ந்த பிறகே அடியுங்கள். ஈரத்தின்மேல் அடித்தால் நீர்த்து வழிந்துவிடும். ரப்பரின் சாம்பல் நோய்க்குத் தூவும் கந்தகத் தூளுக்கு மாத்திரம் இது தலைகீழ். காற்றடங்கிய அதிகாலையில், இலையில் ஈரம் இருக்கும்போதுதான் தூள் ஒட்டும்.

அறுவடை இயந்திரத்தை வாடகைக்குப் பேசும்போது விடிந்ததும் வரச் சொல்ல வேண்டாம். ஈர வைக்கோல் உள்ளே சுற்றிக்கொள்ளும், நெல்மணி பிரியாது. ஒன்பது மணிக்கு மேல் தாளைக் கையில் முறித்துப் பார்த்து மொறுமொறுவென்றால் தொடங்கலாம். களத்தில் காயப்போட்ட நெல்லைப் பொழுது சாயும் முன்பே குவித்துவிடுங்கள். பரப்பியபடியே விட்டால் வானத்தைப் பார்க்கும் பரப்பு அதிகம், பனியும் அதிகம். குவியலை மூடும் தார்ப்பாய் இரு பக்கமும் நனையும்: மேலே காற்றின் பனி, உள்ளே நெல்லின் ஈரம். தார்ப்பாய்க்கும் குவியலுக்கும் இடையில் சாக்கு விரித்துவிட்டால் உள்ளே சொட்டுவது நெல்லைத் தொடாது. காலையில் எடுக்கும்போது மேல்புற நீரை ஓரத்துக்கு ஒதுக்கி வடித்துவிட்டுப் பிறகு மடியுங்கள். அவசரமாக இழுத்தால் இரவெல்லாம் சேர்ந்த நீர் நெல்லில்தான் இறங்கும்.